திருச்சியிலிருந்து டுனெடின்: மூன்று விமானம், நடுவில் 11 மணி நேரம். தனியாகப் போகலாமா?

உறையூர் டீச்சர் · நவம்பர் 9, 2024

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 62 வயது. உறையூரில் இருக்கிறேன். 31 வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இதுவரை விமானம் ஏறியது இரண்டே முறை. இரண்டும் சென்னையிலிருந்து டெல்லிக்கு, மகனோடு.

1982-இலிருந்து 85 வரை திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருத்தி இப்போது சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறாள், இன்னும் வேலைக்குப் போகிறாள். இன்னொருத்தி நியூசிலாந்தின் தென்தீவில் டுனெடினில். கணவருக்கு ஒடாகோ பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துப் போனவர்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். அவளை நான் கடைசியாகப் பார்த்தது 1999-இல், அவள் தங்கை கல்யாணத்தில். போன ஆடியில் அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். "இனிமே அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியுமான்னு தெரியலடி" என்றாள் போனில். போனை வைத்ததும் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடினேன். விசா வந்துவிட்டது. பிப்ரவரியில் போகலாம் என்றிருக்கிறேன்.

குழப்பம் டிக்கெட்டில்தான். அக்கா மகன் இணையத்தில் பார்த்துச் சொன்னது: திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–ஆக்லாந்து வேறொரு டிக்கெட், ஆக்லாந்து–டுனெடின் மூன்றாவது டிக்கெட். சிங்கப்பூரில் 3 மணி 10 நிமிடம்தான் காத்திருப்பு. தில்லைநகரில் டிராவல்ஸ் வைத்திருப்பவர் சொன்னது: ஒரே டிக்கெட்டில் திருச்சி–சிங்கப்பூர்–கிறைஸ்ட்சர்ச்–டுனெடின். இதில் சிங்கப்பூரில் 11 மணி நேரம் கிடக்க வேண்டும், 17,000 ரூபாய் கூடவும் ஆகிறது. ஓய்வூதியக்காரிக்கு 17,000 சின்னத் தொகை இல்லை.

எனக்கு இடது முழங்காலில் தேய்மானம். ராத்திரி ஒரு வேளை இன்சுலின். அந்த 11 மணி நேரத்தில் ஈசூன்காரியைப் பார்க்க முடியுமா, அவள் உள்ளே வர வேண்டுமா, நான் வெளியே போக வேண்டுமா, ஒன்றும் தெரியவில்லை. டுனெடின்காரி கேட்டிருப்பது பருப்புப்பொடி, மணத்தக்காளி வத்தல், மாவடு. எது போகும், எது போகாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிக்கெட் கவுண்டர் · நவம்பர் 9

டீச்சர், நான் 18 வருஷம் டிக்கெட் போடுற வேலையில இருந்தவன். ரெண்டாவதையே எடுங்க. 17,000 எதுக்குப் போகுதுன்னு சொல்றேன்.

தனித்தனி டிக்கெட்னா ஒவ்வொரு கம்பெனிக்கும் நீங்க புது ஆள். திருச்சி விமானம் ரெண்டு மணி நேரம் லேட்டானா, அடுத்த விமானத்துக்காரருக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆள் வரலன்னு குறிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. அதோட போகாது. ஒரு டிக்கெட்ல ஒரு பயணத்துக்கு வராம விட்டா, அதே டிக்கெட்ல மிச்சம் இருக்குற பயணமும் ரத்தாயிடும். உங்க ரிட்டர்னும் சேர்த்து. ஒரே டிக்கெட்டா இருந்தா, லேட்டானது அவங்க பொறுப்பு, அடுத்த விமானத்துல ஏத்திவிடறதும் அவங்க பொறுப்பு.

ரெண்டாவது, பெட்டி. தனி டிக்கெட்ல திருச்சியில போட்ட பெட்டி சிங்கப்பூர் பெல்ட்டுல வந்து சுத்தும். அதை எடுக்கணும்னா குடிநுழைவு தாண்டி வெளிய வரணும், மறுபடி செக்-இன் பண்ணணும், மறுபடி சோதனை. வலிக்கிற காலோட 3 மணி 10 நிமிஷத்துல இதைச் செய்யச் சொல்லி எங்க அம்மாவை நான் அனுப்ப மாட்டேன்.

மூணாவது, உங்க முழங்கால். ஆக்லாந்துல வெளிநாட்டு முனையம் வேற கட்டடம், உள்நாட்டு முனையம் வேற கட்டடம். பத்து நிமிஷ நடை, இல்லன்னா பஸ். கிறைஸ்ட்சர்ச்சுல ரெண்டும் ஒரே கட்டடம். இது ஒண்ணே போதும்.

இன்னொண்ணு, ரொம்பப் பேர் தவறவிடுறது: பெட்டியில டுனெடின்னு டேக் ஒட்டியிருந்தாலும், நியூசிலாந்துல முதல்ல இறங்குற ஊர்லயே பெட்டியை நீங்க எடுக்கணும். சுங்கமும் உயிரிப் பாதுகாப்புச் சோதனையும் (பூச்சி, விதை எதுவும் நாட்டுக்குள்ள வராம பாக்குறது) முடிச்சு, திரும்ப உள்நாட்டுப் பயணத்துக்குக் கொடுக்கணும். "கடைசி ஊர்ல வரும்"னு பெல்ட்டைத் தாண்டிப் போயிடாதீங்க.

சக்கர நாற்காலி உதவி கேளுங்க. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னாடியே பதிவு பண்ணணும். கூச்சப்படாதீங்க, அது பெரிய ஏர்போர்ட்ல தூரத்துக்காக உள்ள ஏற்பாடு.

ஒற்றை முதுகுப்பை · நவம்பர் 10

தனி டிக்கெட்டே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். நான் அப்படித்தான் நாலஞ்சு முறை போயிருக்கேன், நிறையவே மிச்சம் பிடிச்சிருக்கேன். ஆனா என்கிட்ட 7 கிலோ பை மட்டும்தான், பெட்டி போடறதே இல்ல. நடுவுல ஒரு ராத்திரி விட்டுத்தான் அடுத்த டிக்கெட் எடுப்பேன். இந்த ரெண்டும் இல்லன்னா வேண்டாம் டீச்சர்.

அக்கா மகன்கிட்ட இதையும் சொல்லுங்க: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்த ஊர்ல மாறினாலும் டிரான்சிட் விசா வேணுமான்னு முதல்ல பார்க்கணும். விலை கம்மின்னு சிட்னி, மெல்பர்ன் வழியா எடுத்தா, விமானம் மாறறதுக்கே ஆஸ்திரேலியாவோட டிரான்சிட் விசா வேணும். அதுக்குக் கட்டணம் இல்ல, ஆனா விண்ணப்பிச்சு வாங்கணும். அமெரிக்கா வழின்னா கேக்கவே வேணாம், மாறறவங்களும் குடிநுழைவு வரிசையில நின்னு உள்ள போய்த்தான் வெளிய வரணும்.

தேக்கா வாசி · நவம்பர் 10

டீச்சர், சிங்கப்பூர்லேருந்து. தோழியைத் தாராளமா பார்க்கலாம், ஆனா நீங்கதான் வெளிய வரணும். பயணச்சீட்டு இல்லாதவங்க டிரான்சிட் பகுதிக்குள்ள வர முடியாது.

இந்தியர்களுக்கு இங்க விசா வேணும். ஆனா மூணாவது நாட்டுக்குப் போற வழியிலயோ திரும்புற வழியிலயோ இறங்கறவங்களுக்கு 96 மணி நேர விசா இல்லாத டிரான்சிட் வசதின்னு ஒண்ணு இருக்கு. சில நாடுகளோட விசா கையில இருக்கணும்: ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா. உங்ககிட்ட நியூசிலாந்து விசா இருக்கு. அது இன்னும் ஒரு மாசமாவது செல்லுபடியாகணும், 96 மணி நேரத்துக்குள்ள கிளம்புற உறுதியான டிக்கெட்டும் இருக்கணும். விசா, டிக்கெட் ரெண்டையும் தாள்ல பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. முடிவு அதிகாரி கையிலதான், அதனால நிதானமா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வர்றதுக்கு மூணு நாளுக்குள்ள இணையத்துல சிங்கப்பூர் வருகை அட்டை நிரப்பணும். அது இலவசம். காசு கேக்குற தளம் எதுவா இருந்தாலும் மூடிடுங்க.

ஊருக்குள்ள வரணும்னா எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில்ல ஏர்போர்ட்லேருந்து ஒரு ஸ்டேஷன், எக்ஸ்போ. அங்க டவுன்டவுன் லைன் மாறினா நேரா லிட்டில் இந்தியா. வீரமாகாளியம்மன் கோயிலும் பக்கம், 1947-லேருந்து நடக்குற கோமள விலாஸும் பக்கம். ஆனா முழங்கால் வலின்னா நான் சொல்றது வேற: ஜூவல்லயே சந்திச்சுக்குங்க. ஏர்போர்ட்டை ஒட்டி 2019-ல திறந்த கட்டடம், உள்ள 40 மீட்டர் உயர அருவி. முதல் முனையத்துலேருந்து நேரா நடந்து போயிடலாம். உட்கார இடம் இருக்கு, சாப்பாடு இருக்கு. பேசறதுக்குத்தானே வர்றீங்க? அலைஞ்சா பேச நேரம் இருக்காது.

சாவகச்சேரி · நவம்பர் 11

அக்கா, நான் ஒக்லண்டில இருக்கிறன். சாப்பாட்டுச் சாமானைப் பற்றி மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் இதிலதான் எங்கட ஆக்கள் மாட்டுப்படுறவை.

எது கொண்டு வந்தாலும், நியூசிலாந்துக்குள்ள வரேக்க நிரப்புற படிவத்தில 'உணவு இருக்கு' எண்டு எழுதுங்கோ. எழுதிப்போட்டுக் காட்டினால், அவை பாத்திட்டு ஒண்டில் விடுவினம், இல்லாட்டில் எடுப்பினம். அவ்வளவுதான். எழுதாமல் விட்டு, பைக்குள்ள ஒரு அப்பிள் கிடந்தாலும் அந்த இடத்திலேயே 400 டொலர் குற்றப்பணம். விமானத்தில தந்த பழத்தை மறந்துபோய் கைப்பைக்குள்ள வச்சுக்கொண்டு வந்து கட்டின ஆக்களை எனக்குத் தெரியும்.

தேன் வேண்டவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை ஒண்டும் வேண்டாம். பால் சாமானும் தவிருங்கோ. பொடி வகையை கடையில பொதி செய்ததாய், பேர் எழுதின பையோட கொண்டு வாங்கோ, அவைக்கு விளங்கும். செருப்பு, சப்பாத்தில மண் இருக்கக் கூடாது, நல்லாய்க் கழுவிப்போட்டு வாங்கோ. நியூசிலாந்துப் பயணி அறிவிப்பு எண்டு ஒரு படிவம் இணையத்தில நிரப்பலாம், அதுவும் இலவசம்.

மருந்துக்கு வைத்தியர் எழுதின சீட்டைக் கையோட வச்சிருங்கோ. மூண்டு மாதத்துக்கு உரியதுக்கு மேல கொண்டு வராதேங்கோ. இன்சுலினைப் பெட்டிக்குள்ள போட வேண்டாம். கீழ சரக்கறைக் குளிரில உறைஞ்சால் பழுதாய்ப்போம். கைப்பையில வைக்கோணும்.

உறையூர் டீச்சர் · நவம்பர் 12

எல்லோருக்கும் நன்றி. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிட்டேன். அக்கா மகனுக்கு வருத்தம்தான், இதை அவனையே படிக்கச் சொன்னேன். போய் வந்து எழுதுகிறேன்.

உறையூர் டீச்சர் · மார்ச் 16, 2025

போய் வந்துவிட்டேன். சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். என்னைப் போல முதல் முறை தனியாகப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் சின்ன விஷயங்களையும் விடாமல் எழுதுகிறேன்.

திருச்சியில் இப்போது புது முனையம். விமானம் நள்ளிரவுக்கு மேல். மகன் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே போனதும் சக்கர நாற்காலிக்காரத் தம்பி வந்தார். முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் குடிநுழைவு வரிசை போன நீளத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். மாவடுவை எடுத்துப்போகவில்லை. கைப்பையில் வைத்தால் ஊறுகாயும் திரவக் கணக்கில் வந்துவிடுகிறது, பெட்டியில் வைத்து எண்ணெய் கசிந்தால் புடவையெல்லாம் போகும். பவர் பேங்கைப் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பையன் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் இறக்கித் தேடிக்கொண்டிருந்தான், பாவம்.

இன்சுலினுக்கு ஒரு வழி செய்தேன். கிழக்கே போகப் போக நாள் சுருங்கும், மணிக்கணக்கு மாறும் என்று டாக்டரிடம் முன்னாடியே கேட்டேன். இந்திய நேரப்படி எப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். என் வீட்டுக்காரரின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் இருக்கிறது, அவர் போன பிறகும் தினமும் சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். அதை இந்திய நேரத்திலேயே விட்டு வலது கையில் கட்டிக்கொண்டேன். இடது கையில் என்னுடையது, இறங்குகிற ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள. அளவு அவரவர் உடம்புக்கு மாறும் என்பதால் என் தாளில் இருந்ததை இங்கே எழுதவில்லை. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் காலை 8 மணிக்கு இறங்கினேன். குடிநுழைவில் இருந்த அம்மா, "எதுக்கு வெளிய போறீங்க?" என்று தமிழிலேயே கேட்டார். "ஹாஸ்டல் தோழியைப் பார்க்க. சாயங்காலம் நியூசிலாந்து விமானம்" என்று இரண்டு தாளையும் நீட்டினேன். பார்த்தார், விட்டுவிட்டார். தேக்கா வாசி, நீங்கள் பிரிண்ட் எடுக்கச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? அந்த நேரத்தில் போனில் சார்ஜ் இல்லை.

ஈசூன்காரி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் தூக்குவாளி. அதே மாதிரி ஒன்றில்தான் ஹாஸ்டலுக்கு அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை புளியோதரை கொண்டுவருவார். ஜூவலில் காலையில் அருவி ஓடவில்லை. மேலே ஒரு பெரிய வட்டத் துளை, சுற்றிலும் மரம், நடுவில் ஒன்றுமில்லை. அதன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். 11 மணி வாக்கில் திடீரென்று கூரையிலிருந்து தண்ணீர் விழ ஆரம்பித்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் இறந்தபோது என்னால் வர முடியவில்லை. அது கொரோனா காலம், எல்லை எல்லாம் மூடியிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் அதுவரை போனில்கூடப் பேசியதில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் பேசினோம். மூன்றரை மணிக்கு அவளே என்னை உள்ளே போகச் சொன்னாள். 11 மணி நேரம் எப்படிக் கழியுமோ என்று நவம்பரில் இங்கே எழுதியவள் நான்.

சிங்கப்பூர்–கிறைஸ்ட்சர்ச் கிட்டத்தட்ட 10 மணி நேரம். நடைபாதை ஓர இருக்கையை முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டேன், இரண்டு மணிக்கொரு முறை எழுந்து கடைசி வரிசை வரை நடந்தேன். வலது கைக் கடிகாரத்தில் இரவு 9 ஆனபோது எதிரே திரையில் விமானம் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கு மேலே இருந்தது. சாப்பாடு தருகிறார்களா என்று உறுதி செய்துகொண்டு ஊசி போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண், கேட்காமலே தன் தலைக்கு மேலே விளக்கைப் போட்டுவிட்டார்.

கிறைஸ்ட்சர்ச்சில் காலை பத்தரை, இந்தியாவில் விடியற்காலை 3. பிப்ரவரியில் அங்கே கோடைக்கால நேரம், நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால். உணவு இருக்கிறது என்று படிவத்தில் எழுதியிருந்தேன். அதிகாரி ஒவ்வொரு பொட்டலத்தையும் வெளியே எடுத்து, 'இது என்ன, எதிலிருந்து செய்தது' என்று கேட்டார். கடைப் பொட்டலத்தில் இருந்த பருப்புப்பொடியை விட்டார். மணத்தக்காளி வத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே விதை. எடுத்துக்கொண்டார். அபராதம் இல்லை, கடுஞ்சொல் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, அவளுக்காக மாடியில் நானே காயவைத்தது. அப்புறம் யோசித்தேன்: ஒரு விதையில் ஒரு பூச்சி ஒட்டியிருந்து அந்தத் தீவின் வயலுக்குள் போனால்? அவர்கள் கவலை நியாயம்தான். சாவகச்சேரித் தம்பி, செருப்பைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். கழுவியிருந்தது.

பெட்டியை எடுத்து, அதே கட்டடத்தில் உள்நாட்டுப் பகுதியில் கொடுத்தேன். டுனெடின் விமானம் விசிறி வைத்த சின்ன விமானம். படிக்கட்டு என்றதும் பயந்தேன். சாய்தளம் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு மணி நேரப் பயணம்.

டுனெடின் விமான நிலையம் ஊரிலிருந்து 30 கிலோமீட்டர், சுற்றிலும் புல்வெளி, மாடுகள். நம் பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னது. அவள் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். ஜடை இல்லை, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ஆனால் தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிறது மாறவில்லை. "ஏன்டி இவ்வளவு லேட்டு?" என்றாள். 26 வருஷம்.

மூன்று வாரம் இருந்தேன். ஒரு நாள் டையரோவா முனையில் அல்பட்ராஸ் பறவைகள் பார்த்தோம், ஒரு நாள் கறுப்பும் வெள்ளையுமாகக் கல்லில் கட்டிய அந்தப் பழைய ரயில் நிலையம். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். காலையில் அவளை நடக்கவைப்பேன், முதல் வாரம் வேலி வரைக்கும், மூன்றாவது வாரம் தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும்.

கிளம்புகிற அன்று விடியற்காலை. அந்த விமான நிலையத்தில் பயணிகளை இறக்கிவிடும் இடத்தில் ஒரு பலகை இருந்தது: கட்டிப்பிடிக்க அதிகபட்சம் 3 நிமிடம், அதற்கு மேல் என்றால் கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள் என்று. போன வருஷம் உலகம் முழுக்கச் செய்தியில் வந்த பலகை அது. அவள் மகன் வண்டியை அங்கே நிறுத்தப் போனான். அவள் பலகையைப் பார்த்துவிட்டு, "பார்க்கிங்குக்கு விடுடா" என்றாள்.

திரும்பும்போது சிங்கப்பூரில் 4 மணி நேரம்தான், வெளியே வரவில்லை. ஈசூன்காரி போனில் பேசினாள். அடுத்த முறை அவளும் டுனெடினுக்கு வருவதாக இருக்கிறாள், இரண்டு பேரும் ஒரே விமானத்தில்.

நெல்லைச்சீமை · மார்ச் 17

டீச்சர், படிச்சு முடிச்சதும் எங்கம்மாகிட்ட முழுசா வாசிச்சுக் காட்டினேன். எங்க சித்தியும் டுனெடின் பக்கம்தான், அம்மா ஏப்ரல்ல போறாங்க. இதே வழிதான். ரெண்டு கேள்வி: 11 மணி நேரத்துல தூக்கம் வந்தா என்ன பண்ணுனீங்க? அம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, சமாளிப்பாங்களா?

உறையூர் டீச்சர் · மார்ச் 17

தூக்கத்தை நான் உள்ளே திரும்பிய பிறகு வைத்துக்கொண்டேன். டிரான்சிட் பகுதியில் சாய்ந்து படுக்கிற மாதிரி நாற்காலிகள் இருக்கின்றன. புறப்படும் வாயிலை முதலில் பார்த்துவிட்டு, போனில் அலாரம் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கண் அயர்ந்தேன். வெளியே தோழி இல்லை என்றால் அம்மா வெளியே வரவே வேண்டாம், உள்ளேயே இருக்கலாம். மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம்கூட இருக்கிறது.

மொழிக்கு: சிங்கப்பூரில் அறிவிப்புப் பலகைகளில் தமிழும் பார்த்தேன், கவலை இல்லை. கிறைஸ்ட்சர்ச்சுக்கு மட்டும் ஒரு அட்டை எழுதிக்கொடுத்துவிடுங்கள். பெயர், போகுமிடம், சித்தியின் முகவரியும் போன் எண்ணும், என்ன மருந்து, பையில் என்ன உணவு, எல்லாம் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில். சக்கர நாற்காலி கேட்டால் கூட ஒருவர் வருவார், அவரிடம் அட்டையைக் காட்டினால் போதும்.

கிறைஸ்ட்சர்ச்–டுனெடின் விமானத்தில் வலது பக்க ஜன்னல் கேளுங்கள். எனக்கு இடது பக்கம் கிடைத்தது, கடல்தான் தெரிந்தது. மலைத்தொடர் அந்தப் பக்கம்.